ஒன்றன்மேல் ஒன்று: கணிப்பொறிப் பக்க வடிவமைப்பில் தெரிவு செய்யும் முறை

முன்னுரை

ஈய எழுத்துகளைக் கையால் கோத்து அச்சிட்ட காலத்தில், ஓர் எழுத்து நின்ற இடத்தில் மற்றோர் எழுத்து நிற்க இயலாது. படத்திற்குரிய கட்டையும் எழுத்து வரிகளும் ஒரே இரும்புச் சட்டத்துள் அருகருகே முடுக்கப்பட்டன. எழுத்தின்மேல் வண்ணம் படர வேண்டுமாயின், அச்சிட்ட தாளையே மீண்டும் ஒருமுறை பொறியில் ஏற்ற வேண்டியிருந்தது. ஆகவே, 'எது மேலே, எது கீழே' என்னும் வினா அச்சுக்கோப்பவர் முன் பெரும்பாலும் எழவில்லை. அவ்வினாவை நாள்தோறும் எழுப்பியது கணிப்பொறியே.

1985ஆம் ஆண்டு ஆல்டஸ் நிறுவனம் மெக்கின்டோஷ் கணிப்பொறிக்கென பேஜ்மேக்கர் மென்பொருளை வெளியிட்டது. எழுத்தையும் படத்தையும் திரையிலேயே அடுக்கிப் பக்கம் அமைக்கும் வழக்கம் அதன்பின் பரவிற்று. பேஜ்மேக்கர் 2001இல் வந்த 7.0 பதிப்போடு நின்றுவிட்டது. 1999இல் அடோபி நிறுவனம் வெளியிட்ட இன்டிசைன் அதன் இடத்தைப் பெற்றது. அம்மென்பொருளை முதன்மையாகக் கொண்டு, ஒன்றன்மேல் ஒன்றாய் அமைந்தவற்றுள் வேண்டியதைத் தெரிவு செய்யும் முறையினை இங்குக் காண்போம். மலர்ப் பணியில் ஈடுபடும் மாணவர்க்கு இது பயன்படும் என நம்புகிறோம்.

அடுக்கின் இயல்பு

மலரில் வரும் ஒரு கவிதைப் பக்கத்தை எடுத்துக்கொள்வோம். அடியில் பக்கம் முழுதும் பரவிய மங்கலான பின்னணிப் படம், அதன்மேல் வெளிர்வண்ணக் கட்டம், அதன்மேல் ஒரு நிழற்படம், அதன்மேல் கவிதை, எல்லாவற்றிற்கும் மேலாகக் கவிஞர் பெயர். இவ்வைந்தும் ஐந்து தனித்தனிச் சட்டங்கள். பின்னர் உருவாக்கப்பெற்றது முன்னர் உருவாக்கப்பெற்றதன்மேல் அமையும் என்பது பொதுவிதி.

இவ்வரிசைக்கு அப்பால் 'லேயர்' எனப்படும் அடுக்குகளும் உள்ளன. மேலடுக்கில் உள்ள எதுவும் கீழடுக்கில் உள்ள எல்லாவற்றிற்கும் மேலாகவே நிற்கும். ஒன்றனை 'அடிக்கு அனுப்பு' என ஆணையிட்டால், அது தன் அடுக்கின் அடிக்கு மட்டுமே செல்லும்; அடுக்கைத் தாண்டிச் செல்லாது. 'அடிக்கு அனுப்பியும் அது இறங்கவில்லையே' எனப் பலர் மயங்குவதற்கு இதுவே காரணம்.

கண் காண்பதும் சுட்டி காண்பதும்

தெரிவில் நேரும் தடுமாற்றத்தின் வேர் ஒன்றே. நம் கண் மையைக் காண்கிறது. சுட்டியோ சட்டத்தைக் காண்கிறது. கவிதை எழுத்து பக்கத்தின் இடப்பாதியில் மட்டும் இருக்கலாம். ஆனால் அதனைத் தாங்கும் சட்டம் வலப்பாதிவரை நீண்டிருக்கலாம். அச்சட்டத்திற்கு வண்ணம் இல்லாமையால் அதனூடே நிழற்படம் நன்கு தெரியும். நாம் நிழற்படத்தின்மேல் சொடுக்குவதாக எண்ணுவோம், தெரிவாவதோ கவிதை. படத்தை நீக்கும் எண்ணத்தோடு அழிப்பு விசையை அழுத்தினால், மறைவது கவிதையே.

ஆதலின், வேலையைத் தொடங்குமுன் சட்டங்களின் விளிம்புகள் திரையில் தெரியுமாறு வைத்துக்கொள்ளுதல் வேண்டும். அச்சில் வருவதை மட்டும் காட்டும் முன்னோட்ட நிலையில் இவ்விளிம்புகள் தோன்றா. 'டபிள்யூ' விசை இவ்விரு நிலைகளையும் மாற்றித் தரும்.

தெரிவு செய்யும் வழிகள்

முதல் வழி, துளைத்துச் செல்லுதல். தெரிவுக் கருவியைக் கையில் கொண்டு, கன்ட்ரோல் விசையை அழுத்தியவாறே அதே இடத்தில் மீண்டும் மீண்டும் சொடுக்கினால், தெரிவு மேலிருந்து கீழாக ஒவ்வொரு படியாய் இறங்கும். பேஜ்மேக்கரிலும் இவ்விசையே இப்பணியைச் செய்தது. கோரல்டிராவில் ஆல்ட் விசையும், குவார்க் எக்ஸ்பிரஸில் கன்ட்ரோல், ஆல்ட், ஷிப்ட் ஆகிய மூன்றும் சேர்ந்தும் இதனைச் செய்யும். மெக்கின்டோஷில் கன்ட்ரோலுக்கு மாற்றாகக் கமாண்ட் விசையும், ஆல்ட்டுக்கு மாற்றாக ஆப்ஷன் விசையும் அமையும்.

இரண்டாம் வழி, விசைப்பலகையால் ஏறி இறங்குதல். ஏதேனும் ஒன்றைத் தெரிவு செய்தபின், கன்ட்ரோல், ஆல்ட் இரண்டையும் அழுத்தி இடச் சதுர அடைப்புக்குறியைத் தட்டினால் அடுத்துக் கீழுள்ளது தெரிவாகும். வல அடைப்புக்குறி மேலே ஏற்றும். ஷிப்ட் விசையையும் சேர்த்துக்கொண்டால் ஒரேயடியாக அடிக்கோ உச்சிக்கோ செல்லலாம்.

மூன்றாம் வழி, பெயர் சொல்லி அழைத்தல். 2010இல் வந்த சிஎஸ்5 பதிப்பு முதல் அடுக்குப் பலகத்தில் ஒவ்வோர் உருப்படியும் தனித்தனியே பட்டியலாகத் தோன்றுகிறது. எழுத்துச் சட்டம் தன் தொடக்கச் சொற்களாலும், படம் தன் கோப்புப் பெயராலும் அறியப்படும். வலப்புறமுள்ள சிறு சதுரத்தைச் சொடுக்கினால் அவ்வுருப்படி தெரிவாகும். பத்துப் பன்னிரண்டு சட்டங்கள் குவிந்த பக்கத்தில் இதுவே ஐயத்திற்கு இடமற்ற வழியாகும்.

நான்காம் வழி, தடையை அகற்றுதல். அசையத் தேவையற்ற பின்னணிப் படத்தைக் கன்ட்ரோல், 'எல்' விசைகளால் பூட்டிவிடலாம். பூட்டியது சொடுக்குக்கு அகப்படாது.

கீழுள்ளதைத் தெரிவு செய்தபின் சுட்டியால் இழுத்தால், சில வேளை மேலுள்ளதே கையோடு வந்துவிடும். ஆதலின் அம்புக்குறி விசைகளால் நகர்த்துதலே நன்று.

மறைந்தது அழிந்ததன்று

ஒன்றை மறைத்தலும் நீக்குதலும் ஒன்றெனக் கருதுதல் பெரும் பிழை. இதனால் இருவகைத் தீங்கு நேரும்.

முதலாவது, இருக்க வேண்டியது மறைதல். நிழற்படத்தை மேலே கொணரும்போது அதன் கீழ்ப் படைத்தவர் பெயர் புதைந்து போகலாம். சட்டத்துள் கொள்ளாமல் மிஞ்சிய எழுத்தை மென்பொருளின் முன்சோதனை சுட்டிக்காட்டும். படத்தின் அடியில் புதைந்த பெயரையோ அது சுட்டுவதில்லை. மென்பொருளைப் பொறுத்தவரை அப்பெயர் இருக்கத்தான் செய்கிறது. பக்கத்தின் தலைப்பில் இட்ட அரபு எழுத்தணிக்கும் இதே நிலை நேரலாம். அச்சுப்படியை மூலக் கைப்படியோடு ஒப்புநோக்கும் கண் ஒன்றே இதனைக் காக்கும்.

இரண்டாவது, நீங்க வேண்டியது தங்குதல். மாணவர் ஒருவரின் தொலைபேசி எண்ணை நீக்க விரும்பி, அதன்மேல் வெள்ளைக் கட்டம் ஒன்றை வைத்துவிட்டு நிறைவடைவோர் உளர். தாளில் அது மறையும். ஆனால் அப்பக்கத்தைப் பிடிஎஃப் கோப்பாக்கிப் பலர்க்கும் அனுப்பும்போது, கட்டத்தின் அடியிலுள்ள எண்ணும் உடன் செல்லும், தேடுவோர்க்கு அகப்படும், படியெடுக்கவும் இயலும். 2019 சனவரியில் அமெரிக்காவில் பால் மனஃபோர்ட் வழக்கில் அவர்தம் வழக்கறிஞர்கள் அளித்த மனுவில், கறுப்புப் பட்டையால் மறைத்த வரிகளைச் செய்தியாளர்கள் படியெடுத்துப் படித்துவிட்டனர். எனவே நீக்க வேண்டியதைத் துளைத்துச் சென்று தெரிவு செய்து நீக்குதலே முறை, மூடுதல் முறையன்று.

முடிவுரை

தெரிவு செய்தபின், அழிப்பு விசையை அழுத்துமுன், 'இப்போது நம் கையில் இருப்பது எது?' என ஒருமுறை அடுக்குப் பலகத்தைப் பார்த்துக்கொள்ளும் பழக்கம் பல இடர்களைத் தடுக்கும். மலருக்கெனப் பிறர் எழுதித் தரும் ஒவ்வொரு வரியும், அவர்தம் பெயரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதமாகும். மேலே தெரிவதை மட்டுமன்றி அடியில் இருப்பதையும் அறிந்து பணியாற்றினால், அந்த அமானிதத்தைச் சிதைவின்றி வாசகர் கையில் சேர்க்க இயலும்.