யானுசும் பிள்ளையாரும்: தொடக்கக் கடவுளர் இருவரின் பெயர்க்காரணம்

பாரிசின் லா சப்பல் பகுதியில், 1985இல் தொடங்கப்பெற்ற மாணிக்க விநாயகர் ஆலயத்தில் வழிபடும் தமிழர், ஆண்டின் முதல் திங்களைப் பிரெஞ்சு வழக்கில் 'ஜான்வியே' என்பர். அச்சொல்லில் நிற்பது உரோமரின் யானுசு என்னும் கடவுள் பெயர். வழிபாட்டில் முதலில் அழைக்கப்படுவோர் இவ்விருவரும். 1784இல் வில்லியம் ஜோன்சு எழுதிய கட்டுரையும் இவர்களை ஒப்பிட்டது. எனினும், பணியின் ஒப்புமை பெயரின் உறவாகாது.

இலத்தீனில் 'யானுசு' வளைவு வாயிலையும், 'யானுவா' கதவையும் குறிக்கும். சிசரோ, 'செல்லுதல்' என்னும் வினையே இப்பெயரின் மூலம் என்றார். மொழியியலார் பலரும் செலவுப் பொருள் தரும் இந்தோ-ஐரோப்பிய வேரையே காட்டுவர். வடமொழி 'யானம்' அவ்வேரினது. தமிழ் 'யானை'யோடு உள்ள ஒலியொப்புமை தற்செயலானது.

'பிள்ளையார்' என்பது 'பிள்ளை'யோடு உயர்வு குறிக்கும் 'ஆர்' விகுதி சேர்ந்த சொல். இதனைத் தந்தத்தைக் குறிக்கும் 'பல்'லோடும், யானைக்கன்றோடும் இணைப்பார் உளர். ஆனால் தொல்காப்பிய மரபியல் யானையின் இளமைக்குக் கன்று, குழவி என்னும் பெயர்களையே வகுக்கிறது. மேலும், முருகன் 'இளைய பிள்ளையார்' எனவும், திருஞானசம்பந்தர் 'ஆளுடைய பிள்ளையார்' எனவும் வழங்கப்பெறுவர். யானைமுகம் இல்லாத இருவர்க்கும் இப்பெயர் பொருந்துவதால், அது உருவத்தால் அன்றி மகன்மை உறவால் அமைந்தது எனல் தகும்.

ஆகவே, ஒரு பெயர் வாயிலைச் சுட்டுகிறது. மற்றொன்று மகனைச் சுட்டுகிறது. தொடக்கத்திற்கு உரியோராதல் மட்டுமே இருவர்க்கும் பொது.