ஓய்வு நாள் யாருக்காக?

நெய்வேலி நகரியத்தில் வாழும் நமக்கு ஞாயிற்றுக்கிழமை என்றதும் கோயில் மணி நினைவுக்கு வரும். ஷிப்டு வேலைக்குப் புறப்படுவோரும் நினைவுக்கு வருவர். ஓய்வு நாளைப் புனிதமாக அனுசரிக்க வேண்டும் என்று ஞானோபதேச வகுப்பில் கற்கிறோம். அப்படியானால் அன்று வேலைக்குச் செல்வோர் இறைவனின் கற்பனையை மீறுகிறார்களா? இக்கேள்வி கிறிஸ்தவர்களிடையே நெடுங்காலமாக எழுந்து வந்துள்ளது.

முதலில் எழுந்தது, எந்த நாள் என்ற விவாதம். யூதர்களின் ஓய்வு நாள் வெள்ளி மாலை தொடங்கிச் சனி மாலை முடிகிறது. ஆதிக் கிறிஸ்தவர்களோ, ஆண்டவர் உயிர்த்தெழுந்த ஞாயிறன்று கூடி அப்பம் பிட்டனர். கி.பி. 321-இல் உரோமைப் பேரரசர் கான்ஸ்டன்டைன், நீதிமன்றங்களும் நகரத்துப் பட்டறைகளும் ஞாயிறன்று ஓய்ந்திருக்கக் கட்டளையிட்டார். பருவம் தவறினால் பயிர் கெடும் என்பதால் உழவர்களுக்கு மட்டும் விலக்கு அளித்தார்.

இவ்விவாதம் நம் தமிழ் மண்ணிலும் நடந்தது. திருநெல்வேலிச் சீமையில், நாசரேத்தை அடுத்த பிரகாசபுரத்தில், சட்டாம்பிள்ளை என்றழைக்கப்பட்ட அருமைநாயகம் என்பவர் 1857-இல் ஆங்கிலேய மிஷனரிகளைவிட்டுப் பிரிந்து தனிச் சபை கண்டார். ஐரோப்பியரின் பழக்கங்கள் வேண்டாம், வேதாகமமே போதும் என்பது அச்சபையாரின் துணிவு. எனவே அவர்கள் சனிக்கிழமையையே ஓய்வு நாளாகக் கொண்டனர். இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், சனிக்கிழமையை அனுசரிக்கும் ஏழாம் நாள் அட்வென்டிஸ்டு சபையாரும் அப்பகுதியில் பணி தொடங்கினர். நம் திருச்சபையோ உயிர்ப்பின் நாளாகிய ஞாயிற்றையே போற்றுகிறது.

அடுத்தது, எது வேலை என்ற விவாதம். இங்கிலாந்தில் பியூரிட்டன் பிரிவினர் ஞாயிறன்று விளையாடுவதும் பாவம் என்றனர். அரசர் முதலாம் ஜேம்ஸ் 1618-இல், வழிபாடு முடிந்தபின் மக்கள் ஆடிப்பாடி மகிழலாம் என்று ஆணை வெளியிட்டார். கத்தோலிக்க மரபு, கடின உடலுழைப்பை அன்று விலக்கி வந்தது. 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டம் நோக்கத்தையே முன்வைக்கிறது: இறைவழிபாட்டுக்கும், அந்நாளுக்குரிய மகிழ்ச்சிக்கும், உள்ளமும் உடலும் பெறவேண்டிய ஓய்வுக்கும் தடையாகும் வேலைகளைத் தவிர்க்க வேண்டும். முந்தின நாள் மாலைத் திருப்பலியில் பங்குபெற்றும் ஞாயிறு கடமையை நிறைவேற்றலாம்.

இனி நம் ஊரைப் பார்ப்போம். நெய்வேலியில் பழுப்பு நிலக்கரிப் படிவத்தின் அடியில் மிகுந்த அழுத்தத்துடன் நிலத்தடி நீர் இருக்கிறது. இரவு பகலாக அதை இறைக்காவிட்டால் சுரங்கத்தில் நீர் புகுந்துவிடும். மின் நிலையம் நின்றால் தொலைதூரத்து மருத்துவமனையிலும் விளக்கு அணையலாம். குழியில் விழுந்த ஆட்டை ஓய்வு நாளிலும் தூக்கிவிடமாட்டீர்களா என்று பரிசேயரைக் கேட்டவர் நம் ஆண்டவர். குடும்பத்தின் தேவைக்காகவும் சமுதாயத்தின் இன்றியமையாத பணிக்காகவும் உழைப்பவரைத் திருச்சபை குற்றவாளியாகக் கருதுவதில்லை.

ஆயினும் அவர்களுக்கும் ஓய்வு வேண்டும். பாப்பரசர் 13-ஆம் சிங்கராயர் 1891-இல் எழுதிய சுற்றுமடலில் இதைத் தொழிலாளரின் உரிமையாக எடுத்துரைத்தார். நம் நாட்டின் 1948-ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டமும், ஞாயிறன்று உழைத்தவருக்கு அதன் முன்னோ பின்னோ மூன்று நாட்களுக்குள் ஒரு முழுநாள் விடுமுறை தர வகை செய்தது.

இக்கற்பனைக்கு இணைச்சட்ட நூல் கூறும் காரணம் நம் நெஞ்சைத் தொடுவது. எகிப்தில் ஓய்வின்றி உழைத்த அடிமைகளாய் இருந்ததை நினைத்து, வேலைக்காரனும் வேலைக்காரியும், மாடும் கழுதையும்கூட இளைப்பாற விட வேண்டும் என்கிறது அது. அதாவது, நாம் ஓய்வதைவிடப் பிறரை ஓய விடுவதே அதன் உயிர்.

அப்படியெனில் நம் வீட்டில் ஞாயிறன்று ஓயாதவர் யார்? திருப்பலி முடிந்து திரும்பியதும் அடுப்படிக்குச் செல்பவர் அம்மா. மற்ற நாட்களைவிட அன்றுதான் சமையல் அதிகம். பள்ளிச் சீருடை துவைப்பதும் அன்றுதான். இரவு ஷிப்டு முடிந்து வந்து உறங்கும் அப்பாவின் ஓய்வைக் கெடுப்பது நம் வானொலியும் கூச்சலும்தான்.

சீருடையை நாமே துவைத்துக்கொள்வோம். பாத்திரம் துலக்க நாம் அமர்வோம். அப்பா உறங்கும் அறையின் கதவை மெல்லச் சாத்துவோம். ஆண்டவரின் நாள் நம் வீட்டார் அனைவருக்கும் உரிய நாளாகட்டும்.