ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் பயமும் சிரிப்பும்

தொடக்கப் பள்ளியில் ஐந்தாம் வகுப்புப் பிள்ளைதான் பெரிய ஆள். பிரேயரில் முன்னால் வந்து உறுதிமொழி சொல்வது, மதியம் ஒன்றாம் வகுப்புக் குழந்தைகளைத் தட்டோடு வரிசையில் நிறுத்துவது, டீச்சர் கேட்டால் ஓடிப்போய்ச் சாக்பீஸ் எடுத்து வருவது எல்லாம் அந்தப் பிள்ளையின் பொறுப்பு. கோடை விடுமுறையில் மாற்றுச் சான்றிதழ் வாங்கியாகிவிடும். ஜூன் மாதம் அதே பிள்ளை உயர்நிலைப் பள்ளி வாசலில், முதுகைவிட அகலமான பையோடு, பள்ளியிலேயே சின்ன ஆளாக நிற்கும். ஒரே விடுமுறைக்குள் பெரிய ஆள் சின்ன ஆளாகிவிடுவதுதான் ஆறாம் வகுப்புப் பயத்தின் ஆணிவேர்.

எதெல்லாம் மாறுகிறது?

பிள்ளைக்குப் பெரிதாகத் தெரியும் இந்த மாற்றம் உண்மையிலேயே பெரியதுதான். 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டம் 1 முதல் 5 வகுப்புகளுக்கு ஆண்டுக்கு 200 வேலை நாள்கள், 800 மணி நேரப் பாடம் என்று வைத்திருக்கிறது. 6 முதல் 8 வரை அது 220 நாள்கள், 1000 மணி நேரம். தொடக்கப் பள்ளி 1 கிலோமீட்டருக்குள் இருக்க வேண்டும் என்று சொல்லும் விதிகள், 6 முதல் 8 வகுப்புகளுக்கு 3 கிலோமீட்டர் வரை போகலாம் என்கின்றன. தெருமுனைப் பள்ளிக்கு நடந்துபோன பிள்ளை, முதல்முறையாக டவுன் பஸ்ஸில் தனியாக ஏறுவது இதனால்தான்.

ஆசிரியர்களும் மாறுகிறார்கள். அறிவியல்-கணக்கு, சமூக அறிவியல், மொழி ஆகியவற்றுக்குத் தனித்தனி ஆசிரியர்கள் வேண்டும் என்பது ஆறாம் வகுப்பிலிருந்துதான் சட்டத்தில் வருகிறது. ஒரே டீச்சரின் முகத்தைப் பார்த்து, இன்றைக்குக் கோபமா சிரிப்பா என்று கண்டுபிடிக்கத் தெரிந்த பிள்ளை, இப்போது பெல் அடிக்கும்போதெல்லாம் ஒரு புது முகத்தைப் படிக்க வேண்டியிருக்கிறது. கணக்கு சார் ரஃப் நோட்டு கேட்பார். அறிவியல் மிஸ் ஒரு பக்கம் விட்டு எழுதச் சொல்வார். தமிழய்யா, மார்ஜின் போட்டாயா என்று பார்ப்பார். இந்த மூன்றையும் குழப்பிக்கொள்ளாமல் இருப்பதே முதல் மாதத்தின் பெரிய பாடம்.

பயம் எதைப் பற்றி?

பெற்றோர் தொலைவில் பார்க்கிறோம். மருத்துவப் படிப்பில் அரசுப் பள்ளி மாணவர்களுக்கான 7.5 சதவீத உள்ஒதுக்கீடும், கல்லூரி மாணவிகளுக்கு உதவித்தொகை தரும் புதுமைப் பெண் திட்டமும் 6-ஆம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளியில் படித்தார்கள் என்பதைக் கணக்கில் எடுப்பதால், எந்தப் பள்ளி என்ற யோசனை நம்மை விடுவதில்லை. பிள்ளையின் கேள்விகள் பக்கத்தில் இருக்கின்றன. டைம் டேபிளை மாற்றிப் பார்த்துவிட்டால் என்ன செய்வது? கூடப் படித்தவன் 'பி' பிரிவுக்குப் போய்விட்டால்? மதியம் யாரோடு உட்கார்ந்து சாப்பிடுவது? டாய்லெட் எங்கே என்று யாரிடம் கேட்பது?

இவற்றில் ஒன்றுகூடப் பாடத்தைப் பற்றியது இல்லை. எல்லாமே, பத்துப் பேர் முன்னால் அசிங்கப்பட்டுவிடுவோமோ என்ற ஒரே அச்சம். பதினோரு வயதையொட்டி உடல் வளரத் தொடங்குகிறது. கூடவே, எல்லோரும் தன்னையே பார்க்கிறார்கள் என்ற எண்ணமும் வளர்கிறது. அமெரிக்க உளவியலாளர் டேவிட் எல்கைண்ட் 1967-இல் இதைக் 'கற்பனைப் பார்வையாளர்கள்' என்று விளக்கினார். சட்டையில் பட்ட சாம்பார்க் கறையை வகுப்பு முழுவதும் பார்த்துச் சிரிக்கிறது என்று பிள்ளை நினைக்கும். ஆனால் பக்கத்து பெஞ்சுப் பிள்ளையோ தன் அறுந்த செருப்பை யாரும் பார்த்துவிடக் கூடாதே என்று காலை உள்ளே இழுத்துக்கொண்டிருக்கும்.

சிரிப்பு எங்கே வருகிறது?

எங்கள் தெருப் பையன் ஒருவன் முதல் நாள் மாடிப்படியில் மீசை வைத்த ஒருவரைப் பார்த்ததும் ஓரமாக ஒதுங்கி, "வணக்கம் சார்" என்றான். அவர் பிளஸ் டூ மாணவர். "சார் இல்லடா தம்பி, அண்ணன்" என்று சொல்லி, அவனுடைய வகுப்பு வரைக்கும் கூட்டிக்கொண்டுபோய் விட்டார். அன்று சாயங்காலம் அழாத குறையாக வந்து இதைச் சொன்ன பையன், ஆகஸ்ட் மாதம் அதே கதையை நடித்துக் காட்டி நாலு பேரைச் சிரிக்க வைத்தான். டைம் டேபிள் புரியாமல் எல்லாப் புத்தகத்தையும் ஒரு வாரம் சுமந்த பிள்ளைகளிடமும், ஏழாம் வகுப்பில் போய் உட்கார்ந்துவிட்டு வருகைப்பதிவில் தன் பெயர் வரவில்லையே என்று முழித்த பிள்ளைகளிடமும் இப்படி ஒரு கதை இருக்கும். நடந்ததைச் சொல்லிச் சிரிக்க முடிந்துவிட்டால், அந்தப் பயம் கடந்துவிட்டது என்று பொருள்.

இப்படிப்பட்ட கதைகளைக் கேட்பதன் பலனைக் காட்டும் ஓர் ஆய்வு 2019-இல் வெளிவந்தது. அமெரிக்காவின் விஸ்கான்சின் மாநிலத்தில் ஜெஃப்ரி போர்மன் குழுவினர் 11 பள்ளிகளில் 1,300-க்கும் மேற்பட்ட ஆறாம் வகுப்புப் பிள்ளைகளிடம் நடத்தியது அது. 'எங்களுக்கும் இப்படித்தான் பயமாக இருந்தது, பிறகு சரியாகிவிட்டது' என்று மூத்த மாணவர்கள் சொன்னவற்றைப் பிள்ளைகள் படித்தார்கள். தங்கள் மனதில் இருப்பதையும் எழுதினார்கள். ஆண்டின் தொடக்கத்தில் இரண்டு முறை, அவ்வளவுதான். அப்படிப் படித்து எழுதிய பிள்ளைகளிடம் பள்ளிக்கு மட்டம் போடுவதும், பாடத்தில் தோற்பதும் மற்றவர்களைவிடக் குறைந்திருந்தன.

வீட்டில் என்ன செய்யலாம்?

பள்ளி திறப்பதற்கு முன் ஒரு நாள் பிள்ளையோடு அதே பஸ்ஸில் போய் வாருங்கள். வாசல், வகுப்பறை, தண்ணீர்க் குழாய், டாய்லெட் எல்லாவற்றையும் காட்டிவிடுங்கள். முதல் மாதம் இரவு எட்டு மணிக்கு டைம் டேபிளைப் பார்த்துப் பை அடுக்குங்கள். அடுக்குவது பிள்ளை; கூட உட்காருவது மட்டும் நம் வேலை. பெண் பிள்ளைக்கு மாதவிடாய் பற்றி முன்பே சொல்லி, பையில் ஒரு நாப்கினும் வைத்து அனுப்புங்கள்.

சாயங்காலம் தண்ணீர் பாட்டிலைத் தூக்கிப் பாருங்கள். நிரப்பிக் கொடுத்தது அப்படியே திரும்பி வந்தால், டாய்லெட் போகப் பயந்து பிள்ளை தண்ணீர் குடிக்காமல் இருக்கலாம். அதை வகுப்பாசிரியரிடம் சொல்லக் கூச்சப்படாதீர்கள். "இன்னைக்கு என்ன படிச்ச?" என்று கேட்பதைவிட, "இன்னைக்கு யாரு பக்கத்துல உட்கார்ந்து சாப்பிட்ட?" என்று கேட்டால் பதில் நிறைய வரும்.

பெரும்பாலான பிள்ளைகளுக்கு இந்தப் பயம் சில வாரங்களில் தணிந்துவிடும். இரண்டு மாதம் ஆகியும் திங்கட்கிழமை காலையில் வயிற்றுவலி வருகிறது, சாப்பாடும் தூக்கமும் குறைகிறது, காசோ பொருளோ அடிக்கடி காணாமல் போகிறது என்றால் அது வேறு விஷயம். யாராவது மிரட்டுகிறார்களா என்று பக்குவமாகக் கேளுங்கள். பள்ளிக்கு நேரில் போய்ப் பேசுங்கள். தமிழ்நாட்டுப் பள்ளிக் கல்வி உதவி எண் 14417, குழந்தைகள் உதவி எண் 1098. இரண்டும் கட்டணமில்லா எண்கள்.

உங்கள் வீட்டிலோ தெருவிலோ ஏழாம் வகுப்புக்குப் போகும் பிள்ளை ஒன்று இருக்கும். இந்த ஜூனில் அந்தப் பிள்ளையை, ஆறாம் வகுப்புக்குப் போகும் பிள்ளையின் பக்கத்தில் அரை மணி நேரம் உட்கார வையுங்கள். போன வருடம் தான் பயந்த கதையை அது சொல்லட்டும். நாம் சொன்னால் அறிவுரையாகப் போய்விடும். அந்தப் பிள்ளை சொன்னால் இந்தப் பிள்ளை நம்பும்.