கோழியின் காலைத் தாங்குவது எது?

சதை நீக்கிக் கழுவிய கோழிக்கால் எலும்பு ஒன்றை ஒரு வாரம் வினிகரில் ஊறப் போடுங்கள். பிறகு வளைத்துப் பாருங்கள். இரப்பர் போல வளையும்! காரணம் என்ன? எலும்பிலிருந்த கால்சியத்தையும் பாஸ்பரஸையும் அமிலம் கரைத்துவிட்டது. எஞ்சியிருப்பது பெரும்பாலும் கொலாஜன் என்னும் புரதமே. எலும்புக்கு விறைப்பைத் தருபவை தாது உப்புகள்தான்.

உயிருள்ள கோழிக்கும் தாதுக் குறைவால் எலும்பு மெலியும். நெய்வேலிச் சுரங்கத்தை அடுத்த வளையமாதேவி போன்ற ஊர்களில் வீட்டு முற்றத்தில் மேயும் நாட்டுக்கோழி மெதுவாக வளர்கிறது; தவிடு, புழு, கீரை என்று பலவற்றையும் கொத்தித் தின்கிறது. பல்லடம் வட்டாரப் பண்ணைகளில் வளரும் பிராய்லரின் கதை வேறு. சுமார் 40 கிராம் எடையுள்ள குஞ்சு, ஏறத்தாழ 40 நாட்களில் 2 கிலோவாகிறது. அதாவது 50 மடங்கு! இந்தப் பாரத்தைச் சுமக்கும் எலும்பு, தொட்டியில் விழும் தீவனத்தையே நம்பியிருக்கிறது.

முதல் மூன்று வாரத் தீவனத்தில் கால்சியம் 1 சதவீதமும், உடலில் சேரக்கூடிய பாஸ்பரஸ் 0.45 சதவீதமும் வேண்டும் என்று அமெரிக்க தேசிய ஆராய்ச்சிக் குழு 1994இல் வகுத்தது. 'உடலில் சேரக்கூடிய' என்பதைக் கவனியுங்கள். மக்காச்சோளத்திலும் சோயாப் புண்ணாக்கிலும் உள்ள பாஸ்பரஸில் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு, ஃபைட்டேட் என்னும் சேர்மத்தில் பூட்டிக் கிடக்கிறது. கோழியால் அந்தப் பூட்டை எளிதில் திறக்க முடியாது. ஆகவே டைகால்சியம் பாஸ்பேட்டையும், பூட்டைத் திறக்கும் ஃபைட்டேஸ் நொதியையும் தீவனத்தில் கலக்கிறார்கள்.

அப்படியானால் சுண்ணாம்புக்கல் தூளை அள்ளிப் போட்டுவிடலாமா? கூடாது. மிகுதியான கால்சியம் குடலில் பாஸ்பரஸுடன் கூடிக் கரையாப் பொருளாகிவிடும். துத்தநாகமும் மாங்கனீசும் உடலில் சேர்வதையும் குறைக்கும்.

மாங்கனீசின் தேவை கிலோ தீவனத்துக்கு 60 மில்லிகிராம்தான். ஆனால் அது குறைந்தால் குருத்தெலும்பு சரியாக உருவாகாது, மூட்டு வீங்கும், தசைநாண் இடம் விலகிக் கால் கோணிவிடும். மாங்கனீசு இந்நோயைத் தடுக்கிறது என்பதை 1930களில் கார்னெல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் காட்டினர்.

நடக்க இயலாத கோழி தீவனத்தையும் தண்ணீரையும் எட்டாது வாடும். பறவைக்கு வேதனை, வளர்ப்பவருக்கு நட்டம். ஆயினும், நொண்டும் கோழிக்கெல்லாம் தாதுக் குறைவு என்று முடிவு கட்டிவிடாதீர்கள். வைட்டமின் டி குறைந்தாலும், கிருமி தொற்றினாலும் கால் நலிவுறும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பகுத்தாய்ந்து சொல்லும் ஆய்வுக்கூடம் உண்டு. தாது உப்பை அள்ளிக் கொட்டுமுன் அளந்து பார்ப்பதே அறிவுடைமை.