ஒரே பூட்டு, மூன்று விதிநூல்கள்

நான்கைந்து பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, ஆளுக்கொரு கற்பனைப் பாத்திரத்தை ஏற்று, அப்பாத்திரம் செய்வதையும் பேசுவதையும் வாய்மொழியாகச் சொல்லிக் கதையை வளர்த்துச் செல்லும் ஆட்டமே ரோல்பிளேயிங் கேம் எனப்படுகிறது. அமெரிக்காவில் சிறு பொம்மைப் படைகளை நகர்த்தி ஆடப்பட்ட போர் விளையாட்டுகளிலிருந்து கிளைத்த இவ்வகை, கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்ன்சனும் உருவாக்கிய ‘டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்’ 1974இல் வெளியானபோது அச்சு வடிவம் பெற்றது. பெரும்பாலான ஆட்டங்களில் ஒருவர் மட்டும் தனிப் பாத்திரம் ஏற்காமல், கதை நிகழும் உலகையும் எதிரிகளையும் வழியில் எதிர்ப்படும் மாந்தரையும் தாமே பேசி நடத்தி, நடுவராகவும் இருப்பார். அவரே கேம் மாஸ்டர். ஒரு முயற்சி பலிக்குமா என்ற ஐயம் எழும் இடத்தில் பகடை உருட்டப்படும். எப்போது உருட்டுவது, விழுந்த எண்ணுக்கு என்ன பொருள், அதனால் பாத்திரம் எதைப் பெறும், எதை இழக்கும் என்பவற்றை வகுத்துத் தரும் விதித் தொகுதியே ‘சிஸ்டம்’.

புதிதாகக் கூடும் குழு ஒன்று சிஸ்டத்தைத் தேடும்போது டிராகனா, விண்கலமா, பேய்வீடா என்று கதைக்களத்தைத்தான் முதலில் பேசுகிறது. அது பேச வேண்டியதுதான் என்றாலும், ஆட்டத்தின் இயல்பைக் கதைக்களத்தைவிட விதிகளே அதிகமாகத் தீர்மானிக்கின்றன என்பது ஒரே செயலை வெவ்வேறு விதிநூல்களில் வைத்துப் பார்த்தால் விளங்கும். திருடன் பாத்திரம் ஒன்று பூட்டிய கதவைத் திறக்க முயல்வதாகக் கொள்வோம்.

டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பில் ஆட்டக்காரர் இருபது முகப் பகடையை உருட்டித் தம் திறமைக்குரிய எண்ணை அதனுடன் கூட்டுகிறார். கூட்டுத்தொகை கேம் மாஸ்டர் குறித்த இலக்கை எட்டினால் பூட்டு திறக்கும். திறமை 5, இலக்கு 15 எனில் வெற்றி வாய்ப்பு 55 சதவீதம். 1981இல் சாண்டி பீட்டர்சன் வடிவமைத்து வெளியான ‘கால் ஆஃப் கதுலு’ என்ற திகில் ஆட்டத்தில் திறமையே சதவீதமாக எழுதப்பட்டிருக்கும். பூட்டுத் திறமை 40 எனில், நூறு வரை எண் தரும் பகடையில் 40 அல்லது அதற்குக் குறைவாக விழ வேண்டும் என்பதால், கணக்கே தெரியாதவரும் தம் நிலையைப் பார்த்தவுடன் அறிவார். 2012இல் வந்த ‘டன்ஜன் வேர்ல்ட்’ வேறு வழியில் செல்கிறது. இரண்டு அறுமுகப் பகடைகளின் கூட்டுத்தொகை, திறமையும் சேர்ந்து, 10 அல்லது அதற்கு மேல் எனில் பூட்டு சிக்கலின்றித் திறக்கும். 7 முதல் 9 வரை எனில் பூட்டு திறக்கும், ஆனால் பிறர் சந்தேகம், ஆபத்து, இழப்பு ஆகியவற்றுள் இரண்டை கேம் மாஸ்டர் முன்வைக்க, அவற்றுள் ஒன்றை ஆட்டக்காரர் ஏற்க வேண்டும். திறமை 1 ஆக உள்ளவருக்கு இந்த நடுநிலை விளைவு 36இல் 16 முறை வரும். அதாவது மூன்று விளைவுகளில் அதிகமாக நேர்வது சிக்கலோடு கிடைக்கும் வெற்றிதான். முதல் ஆட்டத்தில் கதவு திறக்கிறது அல்லது திறக்கவில்லை. இங்கே கதவு திறந்து கதை மாட்டிக்கொள்கிறது.

பகடையின் கணக்கும் ஆட்டத்தின் மனநிலையை மாற்றும். இருபது முகப் பகடையில் ஒவ்வோர் எண்ணுக்கும் 5 சதவீத வாய்ப்பு இருப்பதால், கைதேர்ந்த வீரர் கேலிக்குரிய முறையில் தவறுவதும் கற்றுக்குட்டி அசத்துவதும் அடிக்கடி நிகழும். 1986இல் வெளியான ‘கர்ப்ஸ்’ மூன்று அறுமுகப் பகடைகளைக் கூட்டுவதால் 10, 11 ஆகிய இரண்டு எண்களே கால் பங்கு முறை விழுகின்றன. 3 விழ 216இல் ஒரு வாய்ப்பே உண்டு. திறமையுள்ளவர் திறமையுள்ளவராகவே நடந்துகொள்ள வேண்டும் என்று விரும்பும் குழுவுக்கு இது ஏற்றது. எதிர்பாராத விழுகைக்காகவே கூடிச் சிரிக்கும் குழுவுக்குச் சப்பென்றிருக்கும்.

விதிநூல் எதற்குப் பக்கங்களை ஒதுக்குகிறதோ அதுவே மேசையில் நேரத்தை எடுத்துக்கொள்ளும் என்பது பெரும்பாலும் பொருந்தும். டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் மந்திரங்களும் ஆற்றல்களும் பெருமளவு சண்டைக்கானவை. ஆகவே அரண்மனைச் சூழ்ச்சியை ஆட விரும்பும் குழு அதை எடுத்தால், எழுதிவைத்த திறன்களில் பாதியைத் தொடாமலே இருக்க நேரும். பயங்கரங்களைக் காணக் காணப் பாத்திரத்தின் மனத்திண்மைப் புள்ளிகள் கரைவது கால் ஆஃப் கதுலுவின் மைய விதி. அங்கே துப்பாக்கியோடு வீரம் காட்ட நினைப்பவர் நெடுநாள் தாக்குப்பிடிப்பதில்லை. 1977இன் ‘டிராவலர்’ ஆட்டத்தில், பாத்திரத்தின் முன்வாழ்க்கையைப் பகடையால் உருவாக்கும்போதே அப்பாத்திரம் இறந்துபோகலாம். இதை நகைச்சுவையாகக் கொள்ளும் குழுக்களும் உண்டு, அன்றே விலகிவிடும் ஆட்டக்காரர்களும் உண்டு.

குழுவின் விருப்பத்தைப் பேசும்போது பலரும் மறந்துவிடுவது கேம் மாஸ்டரின் சுமையை. மற்றவர்கள் தம் பாத்திரத்தின் தாளை மட்டும் அறிந்தால் போதும். அவரோ முந்நூறு பக்கங்களைத் தாண்டும் நூல்களை வாசித்து, எதிரிகளின் எண்களையும் நினைவில் வைத்து, யாரும் எதிர்பாராத பக்கம் திரும்பும் ஆட்டக்காரரையும் சமாளிக்க வேண்டும். எனவே எல்லோருக்கும் சம வாக்கு என்பது இத்தேர்வில் நியாயமாகாது. நடத்துபவருக்குப் பிடிக்காத சிஸ்டம் சில வாரங்களில் நின்றுவிடும். நடத்த ஒருவருமே முன்வராத குழுவுக்கு, கேம் மாஸ்டரே இல்லாமல் ஓர் இரவில் முடியும் ‘ஃபியாஸ்கோ’ போன்ற ஆட்டங்கள் உள்ளன.

விலை இப்போது பெரிய தடையல்ல. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் அடிப்படை விதிகள் 2023இல் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் வெளியிடப்பட்டன. ‘பாத்ஃபைண்டர்’ விதிகளையும் இணையத்தில் கட்டணமின்றி வாசிக்கலாம். கால் ஆஃப் கதுலுவின் இலவச அறிமுகப் பதிப்பில், பேய்வீடு ஒன்றை ஆராயும் ‘தி ஹாண்டிங்’ என்ற கதையும் சேர்ந்தே வருகிறது. மாதக்கணக்கில் நீளும் தொடர்கதைக்கு உறுதியளிக்கும் முன், இப்படிப்பட்ட ஒற்றைக் கதைகள் இரண்டை, வெவ்வேறு சிஸ்டங்களில், ஆயத்தப் பாத்திரங்களைக் கொண்டு ஆடிப் பார்ப்பது நல்லது. எந்த இடத்தில் ஆட்டக்காரர்கள் முறை வருமுன்னே பகடையை எடுத்தார்கள், எந்த இடத்தில் கைப்பேசியைப் பார்த்தார்கள் என்பதை நடத்துபவர் கவனித்துவிட்டால், அதன்பின் விவாதிக்க அதிகம் இருக்காது.