பழைய ஜீப்புக்கு 4.27-ஆ, 5.38-ஆ? டயர் மாற்றும் முன் எண்ண வேண்டிய பற்கள்

சூரியநெல்லியில் இருந்து கொழுக்குமலைக்குப் போகும் கல் பாதையில் பழைய ஜீப் ஒன்று ஏறுவதைப் பார்த்திருக்கிறீர்களா? எஞ்சின் உறுமும். வண்டி மட்டும் ஆள் நடக்கிற வேகத்தில் கல்லு கல்லாகத் தாண்டிப் போகும். அதே வண்டி போடிமெட்டு இறங்கி தேனி சாலையைப் பிடித்தால் கதையே வேறு. 60-ஐத் தாண்டினாலே சத்தம் காதைக் கிழிக்கும், பின்னால் வருகிற கார்கள் ஹாரன் அடித்துக்கொண்டே முந்திப் போகும்.

"எஞ்சின்ல வேகம் இல்லண்ணே" என்று சிலர் எஞ்சினையே மாற்றி விடுகிறார்கள். "டயரைப் பெரிசாப் போடு, சரியாயிடும்" என்கிறார்கள் வேறு சிலர். ஆனால் பல நேரங்களில் விஷயம் இருப்பது அச்சின் நடுவே உருண்டையாகத் தொங்கும் டிஃபரன்ஷியலுக்குள். அங்கே இருக்கும் கிரவுன் வீல், பினியன் என்ற இரண்டு பல் சக்கரங்கள்தான் மலையில் வண்டி எப்படி இழுக்கும், சாலையில் எப்படி ஓடும் என்பதைப் பெருமளவு முடிவு செய்கின்றன.

அந்த எண் என்ன சொல்கிறது?

கிரவுனில் உள்ள பற்களை பினியனில் உள்ள பற்களால் வகுத்தால் கிடைப்பதுதான் ரேஷியோ. 43-ஐ 8-ஆல் வகுத்தால் 5.38. 39-க்கு 8 என்றால் 4.88. 47-க்கு 11 என்றால் 4.27. அதாவது 5.38 உள்ள வண்டியில் சக்கரம் ஒருமுறை சுற்ற, புரொப்பல்லர் ஷாஃப்ட் ஐந்தரை முறைக்குக் கொஞ்சம் குறைவாகச் சுற்ற வேண்டும்.

எண் பெரிதானால் இழுவை கூடும், வேகம் குறையும். கியர் சைக்கிளில் பின்னால் பெரிய பல் சக்கரத்துக்குச் சங்கிலியை மாற்றினால் மேடு சுலபமாக ஏறும், ஆனால் கால் படபடவென்று சுற்றும் அல்லவா, அதேதான். 'ஹை ரேஷியோ', 'லோ ரேஷியோ' என்ற சொற்களைப் பட்டறைக்குப் பட்டறை தலைகீழாகப் பயன்படுத்துகிறார்கள். அதனால் பொருள் வாங்கப் போகும்போது அந்தச் சொற்களை விட்டுவிட்டு எண்ணைச் சொல்லிக் கேட்பதே நல்லது.

இரண்டாம் உலகப் போரில் ஓடிய வில்லிஸ் ஜீப்பில் இருந்தது 4.88. போருக்குப் பின் விவசாயிகளை மனதில் வைத்து வந்த சிஜே வகை ஜீப்புகளில் 5.38 வந்தது. ஏர் பூட்டவும் பாரம் இழுக்கவும் வேண்டிய வண்டிக்கு அது பொருத்தம். மஹிந்திரா இந்தியாவில் பல பத்தாண்டுகள் தயாரித்த ஜீப்புகளும் இந்த வம்சத்தில் வந்தவைதான். கைமாறிக் கைமாறி, அச்சு மாறி, எஞ்சின் மாறி இன்று ஓடுபவற்றில் எது என்ன ரேஷியோ என்று மாடல் பெயரை மட்டும் வைத்துச் சொல்லிவிட முடியாது.

எண்ணிப் பார்ப்பது எப்படி?

டிஃபரன்ஷியலைத் திறக்காமலே கண்டுபிடிக்கலாம். முன் சக்கரங்களுக்குக் கட்டை வைத்து, பின்புறத்தை ஜாக்கியில் தூக்கி, ஸ்டாண்ட் கொடுத்து, கியரை நியூட்ரலில் வைக்க வேண்டும். புரொப்பல்லர் ஷாஃப்டில் சாக்பீஸால் ஒரு கோடு. பின் சக்கரங்கள் இரண்டையும் ஒன்றாக ஒரு முழுச் சுற்று சுற்றி, ஷாஃப்ட் எத்தனை முறை சுற்றுகிறது என்று இன்னொருவர் எண்ண வேண்டும். ஒரு சக்கரம் தரையில் இருந்தால், தூக்கிய சக்கரத்தை இரண்டு சுற்று சுற்ற வேண்டும். டிஃபரன்ஷியல் பாதியைப் பங்கு போட்டுவிடும் என்பதால் இந்தக் கணக்கு. நாலேகால் சுற்று வந்தால் 4.27, ஐந்துக்குச் சற்று முன்னே நின்றால் 4.88.

முன் அச்சிலும் இதே சோதனையைக் கட்டாயம் செய்ய வேண்டும். பழைய இரும்புக் கடையில் வாங்கி மாட்டிய அச்சாக இருந்தால் இரண்டு முறை எண்ணினாலும் தப்பில்லை. பின்னால் 5.38, முன்னால் 4.88 என்று இருந்தால், நான்கு சக்கர இழுவையைப் போட்டவுடன் பின் சக்கரம் 100 மீட்டர் போகும் நேரத்தில் முன் சக்கரம் 110 மீட்டர் போகப் பார்க்கும். சேற்றில் டயர் வழுக்கிச் சமாளித்துக்கொள்ளும். தார் சாலையில் வழுக்க இடமில்லை. அந்த முறுக்கு முழுவதும் ஷாஃப்ட், ஜாயின்ட், டிரான்ஸ்ஃபர் கேஸ் மேல்தான் விழும், ஏதாவது ஒன்று உடையும். ரேஷியோ மாற்றும் செலவு எப்போதும் இரண்டு அச்சுக்கான செலவு என்பதற்குக் காரணம் இதுதான். 'இப்ப பின்னாடி மட்டும் மாத்திக்கலாம், முன்னாடி அப்புறம் பார்க்கலாம்' என்ற யோசனை வேண்டவே வேண்டாம்.

சாலைக் கணக்கு, மலைக் கணக்கு

ஜீப்போடு வந்த பழைய 6.00-16 டயரின் உயரம் ஏறத்தாழ 72 செ.மீ. டாப் கியர் நேரடியாக 1-க்கு 1 என்று வைத்துக்கொண்டால், 80 கி.மீ. வேகத்தில் 5.38 உள்ள வண்டியின் எஞ்சின் நிமிடத்துக்குச் சுமார் 3,170 முறை சுற்றும். 4.88 என்றால் 2,880. 4.27 என்றால் 2,520. பழைய பெட்ரோல் எஞ்சின் 3,170-ஐ ஓரளவு தாங்கும். ஆனால் பெட்ரோலை எடுத்துவிட்டு டிராக்டர் வழி வந்த டீசல் எஞ்சினை உட்கார வைத்த வண்டிகள் ஏராளம். குறைந்த சுற்றிலேயே இழுவை தரும் அந்த எஞ்சின்களுக்கு 5.38 என்பது தேவையில்லாத அலறல். அப்படிப்பட்ட வண்டி சாலையில்தான் அதிகம் ஓடுகிறது என்றால் 4.27 நியாயமான தேர்வு. (எஞ்சின் மாற்றத்துக்கு ஆர்டிஓ அனுமதியும் ஆர்.சி.யில் பதிவும் வேண்டும் என்பது தனிக் கதை.)

மலையில் கணக்கு திரும்புகிறது. அந்தக் கால சிஜே ஜீப்பின் மூன்று கியர் பெட்டியில் ஃபர்ஸ்ட் கியர் 2.80, டிரான்ஸ்ஃபர் கேஸின் லோ 2.46. இவற்றோடு 5.38-ஐப் பெருக்கினால் 37. எஞ்சின் 1,000 சுற்றில் ஓடும்போது வண்டி மணிக்கு 3.7 கி.மீ.தான் நகரும். அதையே 4.27 ஆக்கினால் பெருக்குத்தொகை 29-க்குச் சற்று மேல், வேகம் 4.6 கி.மீ. கூடவே 31 அங்குல டயரும் போட்டால் 5 கி.மீ.க்கு மேல் போய்விடும்.

ஒன்றரை கிலோமீட்டர் வித்தியாசம்தானே என்று தோன்றலாம். ஏறும்போது அது கிளட்ச் பிளேட்டில் தெரியும். ஒவ்வொரு கல்லுக்கும் அரை கிளட்சில் பிடித்துப் பிடித்துப் போனால் பிளேட் சீக்கிரமே கருகும். இறங்கும்போது விஷயம் இன்னும் தீவிரம். இந்த வண்டிகளுக்கு நான்கு பக்கமும் டிரம் பிரேக். நீண்ட இறக்கத்தில் மிதித்துக்கொண்டே வந்தால் டிரம் சூடேறி பிரேக் பிடிக்காமல் போகும். பின் சீட்டில் ஆட்களை ஏற்றிக்கொண்டு செங்குத்தாக இறங்கும் ஓட்டுநரை உண்மையில் காப்பாற்றுவது கியரில் கிடைக்கும் எஞ்சின் பிரேக்தான். சாலையில் சத்தம் குறைய வேண்டும் என்று ரேஷியோவைக் குறைப்பவர் அந்தப் பிடிமானத்திலும் ஒரு பங்கை விட்டுக்கொடுக்கிறார்.

பெரிய டயர் செய்யும் வேலை

டயர் பெரிதானால் ரேஷியோ தானாகக் குறைந்த மாதிரிதான். 72 செ.மீ. டயரைக் கழற்றிவிட்டு 31 அங்குலம், அதாவது 79 செ.மீ. டயர் போட்டால், 5.38 உள்ள வண்டி கிட்டத்தட்ட 4.9 உள்ள வண்டியைப் போல நடந்துகொள்ளும். 4.27 உள்ளது 3.9 ஆகிவிடும். 'டயர் மாத்தினதுல இருந்து டாப் கியர்ல மேடு ஏற மாட்டேங்குது' என்ற புலம்பலுக்குப் பின்னால் பெரும்பாலும் இந்தக் கணக்குதான் இருக்கிறது. பழைய இழுவை திரும்ப வேண்டும் என்றால், இருக்கும் ரேஷியோவைப் புது டயர் உயரத்தால் பெருக்கி, பழைய உயரத்தால் வகுக்க வேண்டும். 4.88 உள்ளவருக்கு விடை 5.35 வரும், 5.38 மாட்டினால் சரியாகிவிடும். ஏற்கெனவே 5.38 இருப்பவர் பெரிய டயர் போட்டாலே சாலையில் கொஞ்சம் அமைதி கிடைத்துவிடும். அச்சைத் தொடவே வேண்டாம்.

ஸ்பீடோமீட்டரும் பொய் சொல்லத் தொடங்கும். இந்த ஜீப்புகளில் அதன் கேபிள் டிரான்ஸ்ஃபர் கேஸில் இருந்து வருகிறது. அச்சில் நீங்கள் செய்த மாற்றம் அதற்குத் தெரியாது. 5.38-ஐ எடுத்து 4.27 போட்டபின் முள் 60 காட்டினால் வண்டி 75-ல் போய்க்கொண்டிருக்கும்.

இரண்டும் வேண்டும் என்றால்?

வாரம் முழுக்க மலைப் பாதை, மாதம் இருமுறை நெடுஞ்சாலை என்று ஓடும் வண்டிக்கு அச்சை அப்படியே விட்டு, ஐந்து கியர் உள்ள பெட்டியைப் பொருத்துவதே புத்திசாலித்தனம். ஐந்தாவது கியர் 0.8 என்று வைத்துக்கொண்டால், 5.38-ஐ அதனால் பெருக்க 4.30 வருகிறது. நெடுஞ்சாலையில் 4.27 உள்ள வண்டியின் அமைதி, மலையில் 5.38-இன் பிடி. செலவு அதிகம், ஷாஃப்ட் நீளத்தையும் மாற்ற வேண்டி வரலாம். ஆனால் இரண்டு டிஃபரன்ஷியல்களைப் பிரித்துப் போடுவதும் சும்மா வராது.

ரேஷியோவைத்தான் மாற்றுவது என்று முடிவெடுத்தால், கிரவுனையும் பினியனையும் ஜோடியாகவே வாங்க வேண்டும். தொழிற்சாலையில் ஒன்றோடு ஒன்று உரசிப் பொருத்தப்பட்டவை அவை. ஒரு வண்டியின் கிரவுனும் இன்னொன்றின் பினியனும் சேர்ந்தால் ஊளையிடும், பிறகு பல் போகும். மாட்டும்போது ஷிம் தகடுகளைக் கூட்டிக் குறைத்து, பல்லில் மை தடவி, உரசல் நடுவில் விழுகிறதா என்று பார்க்கத் தெரிந்த மெக்கானிக்கிடம் மட்டும் கொடுங்கள். மை தடவாமலே "கைல ஆட்டிப் பார்த்தா தெரியும் சார்" என்பவரிடம் வண்டியை விட வேண்டாம். மாட்டி முடித்தபின் முதல் முறை இருபது, முப்பது கிலோமீட்டர் பாரமில்லாமல் மெதுவாக ஓட்டி, நிறுத்தி, டிஃபரன்ஷியல் நன்றாக ஆறிய பிறகே மீண்டும் எடுக்க வேண்டும். 800 கி.மீ. வாக்கில் அந்த 90 ஆயிலை வடித்துப் பாருங்கள். விரலில் மினுமினுப்பாகப் பொடி ஒட்டினால் வழக்கமான தேய்மானம், புது ஆயில் ஊற்றி ஓட்டலாம். துண்டாக ஏதாவது விழுந்தால் வண்டியை நகர்த்தாமல் டிஃபரன்ஷியலைத் திறந்துவிட வேண்டியதுதான்.