செல்போன் சூடானா ஏன் ஸ்லோ ஆகுது? சிப்புக்குள்ளே இருக்கும் தெர்மாமீட்டர் கதை!

கேம் ஆடிக்கிட்டே இருக்கும்போது செல்போன் சூடாகும்; கொஞ்ச நேரத்தில் ஆட்டமும் திணற ஆரம்பிக்கும். ‘போன் போச்சு’ என்று சர்வீஸ் சென்டருக்கு ஓட வேண்டாம். பெரும்பாலும் அது கோளாறு இல்லை. பிராசஸர் சிப்புக்குள்ளேயே இருக்கும் வெப்ப சென்சாரின் பேச்சைக் கேட்டு, போன் தானாகவே வேகத்தைக் குறைச்சுக்குது.

சரி, அந்த சென்சார் ‘50 டிகிரி’ என்று நேரடியாகச் சொல்லிடுமா? அதான் இல்லை. அது தருவது வெறும் ஓர் எண். அதை டிகிரியாக மாற்றுவது ‘டிரைவர்’ என்ற மென்பொருள். ஆண்ட்ராய்டின் அடித்தளமான லினக்ஸ் கெர்னலுக்குள் இது இயங்குகிறது.

ராஸ்பெர்ரி பை 4 என்ற குட்டிக் கணினியை எடுத்துக்கலாம். சென்சார் தரும் எண்ணை 487-ஆல் பெருக்கி, விடையை 410040-இல் இருந்து கழிக்கணும். சென்சார் 740 என்று சொன்னால், கிடைப்பது 49660. கெர்னல் மில்லி டிகிரியில் கணக்கு போடும் என்பதால், இது 49.66 டிகிரி செல்சியஸ். கவனிச்சீங்களா, எண் கூடினால் வெப்பம் குறைவு என்று அர்த்தம். தலைகீழ் கணக்கு!

சாம்சங்கின் எக்சினோஸ் சிப்களில் இன்னொரு தலைவலி. ஒரே அச்சில் வார்த்த மாதிரி இருந்தாலும், ஒவ்வொரு சிப்பின் சென்சாரும் கொஞ்சம் மாறுபட்ட எண்ணைக் காட்டும். அதனால் 25 டிகிரியில் அந்தக் குறிப்பிட்ட சிப் என்ன எண் காட்டும் என்பது சிப்பிலேயே பதிவாகி இருக்கும். சில வகைகளில் 85 டிகிரிக்கான எண்ணும் சேர்ந்து இருக்கும். டிரைவர் அதைப் படிச்சுத்தான் கணக்கைத் திருத்தும்.

இந்தத் திருத்தம் தப்பினால்? வெப்பத்தைக் குறைச்சுக் காட்டினால் சிப் உள்ளேயே வேகும், வெளியே தெரியாது. கூட்டிக் காட்டினால், நல்லா இருக்கிற போன் சும்மாவே மந்தமாகும். முதல் தப்புதான் ஆபத்து. ஆனா மக்கள் திட்டுறது என்னவோ ரெண்டாவதுக்குத்தான்!

எந்த அளவைத் தாண்டினால் வேகத்தைக் குறைக்கணும் என்ற வரம்புக்கு ‘டிரிப் பாயின்ட்’ என்று பெயர். 80 டிகிரியில் குறைச்சு, 79-க்கு வந்ததும் ஏற்றினால் போன் ஊஞ்சல் ஆடும். அதனால் சில டிகிரி இறங்கும்வரை பொறுத்திருக்கச் சொல்லி ஓர் இடைவெளியும் வைப்பாங்க. நொடிக்கு நொடி வெப்பத்தை எட்டிப் பார்த்தால் பேட்டரி வீண். எனவே வரம்பைத் தாண்டும்போது சென்சாரே டிரைவரை எழுப்புற மாதிரியும் வடிவமைக்கிறாங்க. கடைசி வரம்பு ‘கிரிட்டிக்கல்’. அதைத் தொட்டால் பேச்சே இல்லை, நேரா ஷட் டவுன்தான்.